பிழையற்ற கடிதம்

டிசம்பரில் கயானி நகரத்துக்கு
இரண்டரை மணிக்கே இருட்டிவிடும்.
ரைலி டெர்வோனென் விளக்கைப் போட்டுக்கொண்டு
மரம் அறுக்கும் இயந்திரத்தின் கையேட்டுக்கு
மெய்ப்புப் பார்க்கிறாள்.
"வாள் நின்ற பின்னரே கையை நீட்டவும்."
இதில் ஒரு விகுதி பிசகினால்
எங்கோ ஒருவனுக்கு விரல் போகும்.

நமக்கு வேற்றுமை எட்டு.
ஃபின்னிஷ் மொழிக்குப் பதினைந்து.
வீட்டில், வீட்டுக்குள், வீட்டிலிருந்து, வீடின்றி,
எல்லாம் சொல்லின் வாலில் தொங்கும்.
திருடர்களுக்கு அந்த வால் பிடிபடவே இல்லை:

"அன்பான வாடிக்கையாளரை,
உங்கள் கணக்கால் இன்றிரவு பூட்டு ஆகும்.
உடனே கீழே அழுத்துவது.
வங்கிக்கு இருந்து வணக்கம்."

அவளால் சும்மா இருக்க முடியவில்லை.
சிவப்பில் திருத்தினாள்.
இங்கே விளி. இங்கே எழுவாய், உருபு வேண்டாம்.
கடைசி வரியில் 'இருந்து' பிரிந்து நிற்கிறது, சேர்க்கவும்.
திருத்தியதைத் திருப்பியும் அனுப்பினாள்.

பக்கத்து மேசை ஹெய்மோ தலையில் அடித்துக்கொண்டான்.
"பதில் போடவே கூடாது ரைலி,
இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று
அவர்களுக்குத் தெரிந்துவிடும்."
"தெரியட்டுமே" என்றாள்.

நான்கு வருஷம். பதினேழு கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை வந்ததை
அவள் மூன்று முறை படித்தாள்.
ஒரு காற்புள்ளி தவறவில்லை.
வாக்கியம் ஒவ்வொன்றும்
பனியில் நடக்கத் தெரிந்தவன் போல
அளந்து கால் வைத்தது.
அவள் வங்கி இவ்வளவு நன்றாக
ஒருநாளும் எழுதியதில்லை.
"கணக்கிலிருந்து" என்ற இடத்தில்
எப்போதோ அவள் எழுதிக் கொடுத்த தொடர்
அப்படியே.

கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விரல் சுட்டெலியின் மேல்.
இன்னும் முப்பது நிமிடம், என்றது கடிதம்.
முப்பது நிமிடமா?
போன வசந்தத்தில் தொலைந்த அட்டைக்கு
பதினோரு நாள் எடுத்துக்கொண்ட வங்கியா?

சுட்டியை அழுத்தாமல்
இணைப்பின் மேல் நிறுத்தினாள்.
அடியில் முகவரி எழும்பியது.
வங்கியின் பெயரேதான்.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி,
ஒவ்வொரு எழுத்தாக:
'எம்' நிற்க வேண்டிய இடத்தில்
ஓர் 'ஆர்', அதை ஒட்டி ஓர் 'என்',
ஒரே கோட்டுக்குள்
இரண்டு பேர்.
துணைக்காலை ரகரமாய்ப் படித்து
ஏமாந்தவர்களுக்குத் தெரியும்
அந்த ஒரு நொடி.

வங்கியை அழைத்தாள், அட்டையின் பின்புறத்து எண்ணில்.
நாற்பது நிமிடம் அக்கார்டியன் கேட்டாள்.
"நாங்கள் அனுப்பவில்லை" என்றது
தூக்கக் குரல் ஒன்று.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து
அந்த இரண்டு எழுத்தையும் வட்டமிட்டாள்,
தாளின் ஓரத்தில் சரியானதை எழுதப் போனாள்.

எழுதவில்லை.
பேனாவை மூடினாள்.
இந்தப் பிழை ஒன்று
அவர்களிடமே இருக்கட்டும்.