ஈரப்பதம்

கூத்தாநல்லூர்ப் பள்ளிவாசலில்
லுஹர் முடிந்து கடைசிச் செருப்பும் போன பிறகு
மூன்று மணி நேரம் எனக்கு.
அஸருக்குள் காய வேண்டும்.

"தண்ணி ஊத்தாம என்னா சுத்தம் தம்பி?"
மோதினார் நைனா முகமது கேட்கிறார்.
ஊத்தலாம் பாய்.
அடியில் போன தண்ணி மூணு நாள் மேலே வராது,
வரும்போது மக்கின வாசனையோட வரும்.
டெல்டாக்காரருக்கு இதைச் சொல்லணுமா?

முதலில் வெறும் உறிஞ்சல்.
அழுக்கில் பெரும்பங்கு காய்ந்த மண்தான்.
ஹவுளிலிருந்து ஈரக்காலோடு ஏறும் இடத்தில்
கம்பளம் தன் பச்சையை மறந்திருக்கிறது.
முதல் வரிசையில்
நெற்றிகள் விட்டுப்போன எண்ணெய், வட்டம் வட்டமாய்.

பிறகு பனி போல ஒரு தெளிப்பு.
கை வைத்தால் குளிரும், நனையாது.
எந்திரத் தூரிகை சுற்றச் சுற்ற
இழைகளின் தூர்வரை இறங்குகிறது அந்தப் பால்,
துகள் துகளாய்ச் சூழ்ந்து மூடுகிறது.
இனி இழைக்கும் மண்ணுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

"பால் பிடிச்ச கதிருதான் பாய்.
கொஞ்ச நேரம் விடுங்க, முத்தி மணியாயிரும்.
உமிக்குள்ள அரிசிக்குப் பதிலா அழுக்கு."
அவர் சிரித்துக்கொண்டே போய்
பன்னிரண்டு மின்விசிறியையும் போடுகிறார்.

அப்போதுதான் மச்சான் அழைக்கிறான்,
கொள்முதல் நிலையத்திலிருந்து.
பின்னால் தார்ப்பாய் படபடக்கிறது.
"பத்தொம்பது காட்டுது.
பதினேழுன்னாத்தான் எடுப்பாங்களாம்.
நாலு நாளா ரோட்டுல கொட்டிக் கெளர்றோம்,
காஞ்சுதுன்னு அள்ளப்போனா தூறுது."
அறுபது மூட்டை.
என்னிடம் இருப்பது கம்பளத்துக்கான மருந்து.
இழையைப் பிரித்துப் பார்த்தபடி
ம் என்கிறேன். ம்.

வழக்கமாய் நாற்பது நிமிடம்.
இன்று காற்றே நனைந்திருந்ததால் ஒன்றரை மணி.
நகத்தால் கீறினேன்,
நறுக்கென்று உடைந்தது, உப்புப் பரல் மாதிரி.
மறுபடி உறிஞ்சல். இதுதான் அறுவடை.

பையைத் திறந்து காட்டினேன்.
"இவ்வளவா? இதும்மேலயா தொழுதோம்?"
"நம்ம வயல் மண்ணுதான் பாய்.
மிச்சம் கொஞ்சம் உள்ள நிக்கும்,
நீங்க அடுத்தடுத்து உறிஞ்சும்போது உதிரும்."

அஸருக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.
ஒளு செய்த கையோடு ஒரு பையன்
துடைக்காத காலுடன் ஓடி வருகிறான்,
உலர்ந்த பச்சையில் ஐந்து விரலும் பதிய.
மோதினார் அதட்ட வாயெடுத்து விட்டுவிடுகிறார்.

வண்டியில் ஏறும்போது கைபேசி துடித்தது.
மச்சான்.
ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தான்:
பதினெட்டு.