இருக்கட்டும்

துர்சுன் என்றால் உஸ்பெக்கில்
'இருக்கட்டும்' என்று அர்த்தம்.
முன்னால் பிறந்த இரண்டும் தங்காத வீட்டில்
மூன்றாவதுக்கு வைக்கிற பெயர்.
ஒலிபெருக்கிக்காரருக்கு இது தெரியாது.
டுர்ஸுன், டர்சன், ஒருமுறை டார்ஜான்.
நாற்பதாயிரம் பேர் அதையே திருப்பிக் கத்துவார்கள்.

நான் அவனுடைய வாய்.
மணிக்கு முப்பத்தைந்து யூரோ.
பிரேமனில் மருந்தியல் படிக்க வந்தவள்.
ஆஃப்சைடு என்றால் என்னவென்று
சத்தியமாக இன்றைக்கும் தெரியாது.

முதல் பேட்டி, ஜனவரியில்.
தண்ணீர் பாட்டிலின் பெயர் கேமராவைப் பார்க்கும்படி
ஒருவர் வந்து திருப்பி வைத்துவிட்டுப் போனார்.
ஆசியாவின் நம்பிக்கை என்கிறார்களே, எப்படி உணர்கிறீர்கள்?
அவன் என் காதோரம் சொன்னான்:
"கடைவாய்ப் பல் வலிக்கிறது அக்கா,
ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை."
நான் மைக்கில் சொன்னேன்:
"இங்கே வந்ததில் பெருமகிழ்ச்சி.
அணிக்காக உழைப்பேன்."
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

மைதானத்து வார்த்தைகள் நான் கற்றுக்கொடுத்தவை இல்லை.
இடது, வலது, வெளியே, நேரமிருக்கு.
எல்லாவற்றுக்கும் முன்னால் அவனுக்கு வந்தது 'ஹின்டர்மான்':
பந்தோடு நிற்பவனுக்கு
முதுகுப் பக்கம் ஆள் வருகிறான் என்று போடுகிற கூச்சல்.
காலை வணக்கம் சொல்லத் தெரியாத நாளிலேயே
வேசர் நதிக்கரையில்
நாயோடு போன பெரியவரின் பின்னால்
சைக்கிள் ஒன்று பாய்ந்து வர,
அடிவயிற்றிலிருந்து கத்தினான்: ஹின்டர்மான்!
பெரியவர் ஒதுங்கினார். நாய் ஒதுங்கியது.
சைக்கிள்காரி விழுந்தாள்.
எழுந்து, முழங்கையைத் தட்டிவிட்டு, செல்ஃபி கேட்டாள்.

இங்கே புல்லுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது.
பெஞ்சுக்கும் சூடு உண்டு.
ஒன்பது ஆட்டம் அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தான்.
பயிற்சியாளர் டெட்லெஃப்சன் திரும்பிப் பார்ப்பார்,
உதவியாளரிடம் சொல்வார்:
அவன் இருக்கட்டும்.
பின்வரிசையில் இருக்கும் என்னிடம்
என்னவாம் என்று புருவத்தால் கேட்பான் துர்சுன்.
உன் பெயரைத்தான் சொன்னார் என்பேன்.
பொய்யென்று சொல்ல முடியாது.

அப்போது கோகந்தில் நள்ளிரவு தாண்டியிருக்கும்.
அவன் அப்பா வெள்ளை டமாஸ் வண்டியை ஓரங்கட்டிப்
பயணிகளோடு கைப்பேசியில் பார்ப்பார்.
மகன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள எழுந்து ஓடினாலே
ஹாரன் அடிப்பாராம்.
டெலிகிராமில் எவனோ கணக்கு வைத்திருந்தான்:
இன்று தொட்ட பந்துகள், பூஜ்யம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, எண்பத்து மூன்றாம் நிமிடம்,
யாருக்கோ தொடை பிடித்துக்கொள்ள
இவனை இறக்கினார்கள்.
தொட்ட பந்துகள், நான்கு.
நான்காவது இவன் முழங்காலில் பட்டு
எங்கள் வலைக்குள்ளேயே போயிற்று.
ஒலிபெருக்கி அன்றைக்கு எந்தப் பெயரையும் சொல்லவில்லை.

அதே மேசை, அதே பாட்டில்.
கேள்வி வந்தது.
'வருந்துகிறேன், அடுத்த ஆட்டத்தில்...' என்று
நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு
அவன் பக்கம் சாய்ந்தேன்.
அவன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.
ஜெர்மனில், வேற்றுமை உருபுகள் தாறுமாறாக:
"பின்னால் ஆள் இருந்தான். யாரும் கத்தவில்லை.
கத்தியிருந்தாலும் என் தப்புதான்."
கொஞ்ச நேரம் பேனா எதுவும் அசையவில்லை.
என் கை என்ன செய்வதென்று தெரியாமல்
பாட்டிலைத் திருப்பி வைத்தது.

ஏப்ரலில் கடிதம் வந்தது எனக்கு.
சேவைக்கு நன்றி, இனி மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.
இவள் இருக்கட்டும் என்று சொல்ல
அந்தக் கட்டடத்தில் ஆளில்லை.

அன்று மாலையே அழைத்தான்.
"அக்கா, பல் டாக்டரிடம் போகிறேன்.
கடைவாய்ப் பல்லுக்கு இவர்கள் என்ன சொல்வார்கள்?"
ஜனவரியிலிருந்து அதே பல்லா?
"அதே பல்."
சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறை சொல்லிப் பார்த்தான்,
மூன்றாவது முறை எனக்கே புரிந்தது.
நான் கூட வர வேண்டுமா?
யோசித்தான். பின்னணியில் டிராம் ஒன்று மணியடித்தது.
"இருக்கட்டும் அக்கா" என்றான்.

எந்த இருக்கட்டும் என்று கேட்கவில்லை.
கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.