சுழியத்துக்குப் போ

தோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில் நான்காம் நாளாக மூடுபனி.
மார்யுன் எழுதிய நிரல்
கடலிலிருந்து வரும் குரலைப்
பைட் பைட்டாக வாங்குகிறது.
வட்டில் எதையும் எழுதக் கூடாதென்று உத்தரவு;
நினைவகத்திலேயே ஓர் ஓடை வெட்டி
அதில் விட்டாள்.

நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு பைட்.
நீளம் சரி. பிழைச் செய்தி இல்லை.
ஒலிபெருக்கியில் மட்டும்
ஒன்றுமில்லை.

கம்பியை ஆட்டிப் பார்த்தாள். ஒலியைக் கூட்டினாள்.
"படகே முழுகிவிட்டதோ" என்றான் அடுத்த மேசை யெக்வன்,
சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிறகுதான் கண்டாள்:
எழுதி முடித்த இடத்திலேயே
நின்றுகொண்டிருக்கிறது சுட்டி.
அதற்கு முன்னால் ஏதுமில்லை;
அத்தனையும் முதுகுக்குப் பின்னால்.

ஒரு வரி சேர்த்தாள்:
சுழியத்துக்குப் போ.

காற்றின் இரைச்சல், யாரோ இருமுவது,
அப்புறம் ஹானுஸ்:
"வலை கிழிந்தது. மீன் இல்லை. ஆறு பேரும் வருகிறோம்.
உலர்ந்த காலுறை யாரிடமாவது இருக்கிறதா?"

ஓடையை மூடினாள்.
அந்த இடத்தில் இப்போது
வேறு எதனுடைய பைட்டுகளோ.
யெக்வன் தன் பையைத் துழாவுகிறான்,
ஒற்றைக் காலுறையோடு நிமிர்கிறான்.