அச்சுக் கணக்கு

துக்ம் துறைமுகச் சாலைக்குக் குறுக்கே
கறுப்பு ரப்பர் குழாய் கிடத்துவது என் வேலை.
ஆணியடித்து, தார்ப்பட்டை ஒட்டி,
ஓரத்துப் பெட்டியில் நுனியைச் செருகிவிட்டால்
சக்கரம் ஏறும்போதெல்லாம் காற்று ஓடிப்போய்
பெட்டிக்குள் ஒன்று என்று சொல்லும்.
இரண்டு ஒன்றுக்கு ஒரு கார்.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம்.

ஆறு அச்சு ட்ரெய்லர் போனால்
மூன்று கார் என்று எழுதிக்கொள்ளும்.
போன செவ்வாய் பதினோரு ஒட்டகங்கள் கடந்தன.
கடைசிக் குட்டி நின்று
குழாயை முகர்ந்துகூடப் பார்த்தது.
பெட்டியில் ஒன்றும் விழவில்லை.
ஹமூத் சிரித்தார்:
'வண்டி இல்லாதவன் போகவே இல்லை.'

மாதக் கடைசியில் இதைத்தான்
மஸ்கட்டுக்கு அனுப்புகிறோம்,
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை.

இரவில், கேம்ப்பில், மேல்கட்டிலில்
எனக்கு இன்னொரு போக்குவரத்து.
என் வலைப்பூவுக்கு உலகத்தில் ஓர் இடம் இருந்தது:
பத்தொன்பது லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சம்.
பல் துலக்குமுன் அதைப் பார்ப்பேன்.
ஏறியிருந்தால் அன்றைக்கு வெயில் குறைவு.

சவரிராயன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்,
அவர்களுடைய பட்டையொன்றைக்
கணினியில் மாட்டியவர்களை மட்டுந்தான்
அவர்கள் எண்ணுகிறார்கள் என்று.
மாட்டாதவன்?
'போகவே இல்லை' என்றான்,
ஹமூத்தை அறியாமலே.

மாட்டினேன்.
என் கவிதையை நானே திறந்தேன், மூடினேன்,
திறந்தேன், கீழ்வரை உருட்டினேன், மூடினேன்.
எட்டே நாளில் ஆறு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
பதின்மூன்று லட்சம் பேரைத் தாண்டியிருக்கிறேன்
கட்டிலைவிட்டு இறங்காமல்.
அன்று மெஸ்ஸில் எங்கள் மேசைக்கெல்லாம்
என் செலவில் லபான்.

பிறகு ஆசை விடவில்லை, வேறிடத்திலும் கேட்டேன்.
ஒன்று பாதி சொன்னது.
ஒன்று இரண்டு மடங்கு சொன்னது.
மூன்றாவது, 'இத்தளம் பற்றிப் போதிய தகவல் இல்லை.'
அதனிடம் மட்டும் கொஞ்சம் மரியாதை வந்தது.

முந்நூற்றுப் பத்துப் பேருக்கு இங்கே ஒரே இணைப்பு,
வெளியே போனால் ஒரே முகவரி.
டி பிளாக் முழுக்க உட்கார்ந்து படித்தாலும்
வந்துபோனவர் ஒருவர்தான்.
ராத்திரி மூன்று மணிக்கு
எங்கிருந்தோ ஓர் இயந்திரம் வருகிறது,
நானூறு தரம்,
ஒரு நொடியும் தங்காமல்.
அதற்குப் பெயர் வாசகர்.

ஜூலையில், மத்தியான ஓய்வு மூன்று மணி நேரத்தைப் பற்றி,
ட்ரெய்லருக்கு அடியில் படுத்திருந்ததைப் பற்றி எழுதினேன்.
அந்த வாரம் கணினி படுத்துவிட்டது.
எல்லாம் அழித்து ஏற்றியதில் பட்டையும் போனது.
இருபத்தோரு லட்சம்.

அதே வாரம் மெஸ் தண்ணீர்க் கூலருக்கு மேலே
ஒரு காகிதம்.
ஸ்டோர் பிரிண்டரில் எடுத்தது,
மை வற்றி இடதுபக்கம் வெளுத்திருந்தது.
என் பெயர் இல்லை. என் கவிதை.
மைதீன் பிச்சை கையில் தட்டோடு நின்று
படிக்கத் தெரியாத பட்டாணிக்கு
இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்,
பாதி தப்பாக, என்னைவிட நன்றாக.
ஓரமெல்லாம் குழம்பு விரல்கள்.
அவற்றை எண்ண ஆரம்பித்தேன், வெட்கமாயிருந்தது, நிறுத்தினேன்.

நாலாவது வரியில்
'நிழலை பங்கிட்டோம்' என்று எழுதியிருந்தேன்.
நடுவில் யாரோ நீல மையில்
ஒரு ப் போட்டிருந்தார்கள்.
அழுத்தி, புள்ளி காகிதத்தைத் துளைக்கும்படி.

சவரிராயனைக் கேட்டேன், அவன் இல்லை.
ஸ்டோர்க்காரருக்குத் தமிழே வராது.
ஒரு வாரம் எல்லோர் சட்டைப் பையையும் பார்த்தேன்,
நீலப் பேனா எல்லோரிடமும் இருந்தது.

இன்று காலையும் தரவரிசை பார்த்தேன்,
பல் துலக்குமுன்தான்.
பிறகு உள்ளே போய் அந்த ப்-பைச் சேர்த்தேன்.

திருத்தத் திறந்ததையும்
ஒரு வருகை என்று எண்ணிக்கொண்டது.