ஐம்பது டாலர் கூடுதலாக

சியாட்டிலில் அரை அறைக்குக் கொடுத்த காசுக்கு
இங்கே ஒரு வீடே கிடைக்கிறது,
ஜன்னலோடு, ஜன்னல் நிறைய மலையோடு.

இரண்டு குளிர்காலமாய்க் கணக்குப் போட்டேன்.
நீளத் தாளில் பதினோரு ஊர்கள்:
வாடகை, பனி எத்தனை அடி,
மருத்துவமனை எத்தனை மைல்,
ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறக்குமா.
கல்லூரி இருக்கிற ஊரில்
நல்ல காப்பி இருக்கும் என்றாள் டெல்ஃபின்.
பாதி சரி.
கல்லூரி இருந்தது.

அக்டோபரில் வாடகை லாரி
இரண்டாம் கியரில் முனகியபடி கணவாய் ஏறியது.
ஐம்பத்து மூன்று வயதுக்கு
இருபத்தேழு பெட்டிகள்.
உச்சி வளைவில் பள்ளத்தாக்கு தெரிந்தது,
யாரோ சாப்பிட்டுக் கழுவாமல் வைத்த தட்டு மாதிரி:
சுற்றிலும் விளிம்பு,
நடுவில் மிச்சமாய் ஒரு ஊர்.

வீட்டுக்காரர் மெர்ல் ஆஸ்ட்பி.
வாடகை தொள்ளாயிரம் என்றுதான் விளம்பரம்.
"இன்னொருத்தியும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்"
என்று தொலைபேசியில் இழுத்தார்.
ஐம்பது சேர்த்துத் தருகிறேன் என்றேன்.
சட்டென்று சொன்னேன்.
சியாட்டிலில் ஐம்பது டாலர்
ஒரு ராத்திரிச் சாப்பாடு.

முதல் வாரமே கடிதங்கள் வந்தன.
எனக்கல்ல, டாம்சின் ஓய்லருக்கு.
பல் மருத்துவரின் நினைவூட்டல்,
விதைக் கடையின் பட்டியல்,
கல்லூரி முத்திரையோடு இரண்டு,
கிரேயானில் முகவரி எழுதிய உறை ஒன்று.
குளியலறைக் கண்ணாடியில்
உரிக்க உரிக்கப் போகாத தவளை ஒட்டுப்படம்.
ஃப்ரீசரில்
தேதி குறித்து ஒரு பை ஹக்கிள்பெர்ரி.
தின்றுவிட்டேன்.
மூன்று காலைகள், தயிரோடு.

டிசம்பரில் மூடுபனி
பள்ளத்தாக்குக்கு மூடி போட்டு உட்கார்ந்துகொண்டது.
பத்தொன்பது நாள் மலை இல்லை.
அதற்காக வாடகையில் கழித்துக்கொள்ள முடியுமா?

கடிதக் கட்டோடு கல்லூரிக்குப் போனேன்.
அடித்தளத்தில் ஆறாம் அறை.
கதவில் மூன்று பெயர்கள், அவளுடையது மூன்றாவது,
தாளில் எழுதி ஒட்டியது.
வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆசிரியை.
பூட்ஸில் உப்புக்கறை.
இப்போது கணவாய்க்கு அப்பால்
முப்பத்தெட்டு மைலில் ஒரு டிரெய்லர், அவளும் பையனும்.
பனி கொட்டினால் சாலை மூடிவிடுவார்கள்,
சாலை மூடினால் வகுப்பு இல்லை,
வகுப்பு இல்லையென்றால்...
அதை அவள் சொல்லி முடிக்கவில்லை.

"நீங்கள்தானா" என்றாள்.
கோபமில்லை.
மாறிப்போன தன் குடையை
மழையில் இன்னொருவர் கையில் பார்ப்பது போல.
"எவ்வளவுக்கு?"
தொள்ளாயிரத்து ஐம்பது.
"நான் இருபது வரைக்கும் போய்ப் பார்த்தேன்."

மன்னிப்பு என்ற சொல்லைத்
தொண்டைவரை கொண்டுவந்து பார்த்தேன்.
ரொம்ப மலிவாய் இருந்தது.
ரேடியேட்டர் தட்டிக்கொண்டே இருந்தது,
உள்ளே யாரையோ பூட்டி வைத்தது போல.

அவள்தான் கேட்டாள்:
"சமையலறை ஜன்னல் திறக்கிறதா?"
இல்லை, ஆணி அடித்தது போல இருக்கிறது.
"இடது மூலையைத் தூக்கி
முழங்கையால் ஒரு இடி. பிறகு தானாக வரும்."
கட்டைப் பையில் வைத்துக்கொண்டே,
"ஃப்ரீசரில் ஒரு பை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.
பையன் பறித்தது."

நான் பார்க்கவில்லையே என்றேன்.

வீட்டுக்கு வந்து மூலையைத் தூக்கி இடித்தேன்.
திறந்தது.
இருட்டு உறைபனி வாசனையோடு
முகத்தில் வந்து மோதியது.
ஹீட்டர் பில் என் தலையில்தான்.
மூடவில்லை.

அந்தப் பழம் ஆகஸ்டில்தான் மறுபடி வருமாம்.
கடையில் விசாரித்தேன்,
தபால் நிலையத்தில் விசாரித்தேன்,
மெர்லிடமும் விசாரித்தேன்.
எப்போது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
எங்கே என்று மட்டும்
இந்த ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.