மூன்றாம் சுருள்

குன்னூர்ச் சந்தைக்கு மேலே
கற்பூர மரங்களுக்கு நடுவில் எங்கள் கொட்டகை.
உசேன் கைப்பிடி சுற்றுவான்.
நான் திரைக்குப் பக்கத்தில் நின்று
பிரம்பால் தொட்டுத் தொட்டுக் கதை சொல்வேன்.
மாதம் ஒன்பது ரூபாய், ஒரு கம்பளி.

குண்டுத் துரை பாழ்மாளிகையில் படுக்கிறார்.
நாற்காலி தானாக நகர்கிறது.
போர்வை எழுந்து நின்று கும்பிடுகிறது.
துரையின் தொப்பி மட்டும் பயந்து மேலே போய்
கீழே வர மறுக்கிறது.

முதல் இரவே தகராறு.
“பேய்க்குக் கால் இருக்கே!”
தரை டிக்கெட்டில் ஒரு குரல்.
இருந்தது. காலில் பூட்ஸும் இருந்தது.
“சீமைப் பேய், ஐயா. ஊர்க் குளிர் அப்படி.”
சிரித்த சிரிப்பில் கூடாரக் கயிறு ஒன்று அவிழ்ந்தது.

அவிழ்ந்த மூலை வழியே மஞ்சு வந்தது.
வெளிச்சம் அதில் பட்டு
பேய் திரையில் பாதி, காற்றில் பாதி.
முன்னால் இருந்த பிள்ளைகள் கை நீட்டி
அதன் முழங்காலைத் தடவப் பார்த்தார்கள்.
விரல்கள் நனைந்தன.

மூன்றாம் சுருள் வரவில்லை.
மேட்டுப்பாளையத்தில் பெட்டி மாறி
யாருடைய முட்டைக்கோசு விதையோ எங்களுக்கு வந்தது.
ஆகவே எங்கள் படத்தில்
போர்வையை எவரும் இழுக்கவில்லை.
இரவுக்கொரு முடிவு நானே சொன்னேன்:
திங்களன்று பேய்க்குக் கல்யாணம்.
புதனன்று அது துரையிடம் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்தது.

மாராத்தாள் ஏழு இரவும் வந்தாள்.
கொழுந்து கறை படிந்த விரல்கள்.
புருஷன் மலைக்காய்ச்சலில் போனவன்;
லயத்துக்காரர்கள் முகத்தை மூடித்தான் தூக்கினார்களாம்.
எல்லாரும் போன பிறகு கேட்டாள்:
“அந்தப் போர்வைக்குள்ளே யாரு?”
தெரியாது என்றேன்.
“தெரிஞ்சா சொல்லிடாதீங்க.”

பதினோராம் நாள் பெட்டி வந்தது,
விதையைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தோடு.
உசேன் அதை எப்போதோ விதைத்துவிட்டான்.
படுதாவை இறக்கி, நாங்கள் இருவர் மட்டும் போட்டுப் பார்த்தோம்.
போர்வை விழுந்தது:
மீசைக்காரக் கணக்குப்பிள்ளை, கையில் சாவிக்கொத்து.
துரை உதைக்கிறார். முடிந்தது.

உசேன் சிரிக்கவில்லை.
கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினான்.
தரையில் கிடந்த போர்வை எழுந்து
அந்த ஆளை விழுங்கி நின்றது, பூட்ஸோடு.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்;
நின்றால் பிலிம் பற்றிக்கொள்ளும்.
சுற்றிக்கொண்டே இருந்தான்.
பின்னோக்கி, பின்னோக்கி நடந்து
அது மாளிகை இருட்டுக்குள் போயிற்று.

மறுநாள் சந்தைத் தட்டியில் சுண்ணாம்பால் எழுதினேன்:
இரண்டு சுருள். முழுப் படம்.