ஏழாம் பத்தி

ஏழாம் பத்தியில் எழுவாய் இல்லை.

'அன்று மாலை ஆய்வகத்தில்
விரும்பத்தகாத சம்பவம் ஒன்று நேர்ந்தது.'
நேர்ந்தது.
காட்பாடி முழுக்கக் கரண்ட் போவதைப் போல,
யாரும் கைநீட்டி எதையும் அணைக்காமல்.

பழைய வக்கீல் எழுதியது.
நாகரிகமா இருக்கணும்மா என்றார்,
நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது
யார் கையில எந்தக் காகிதம் கிடைக்கும்னு சொல்ல முடியுமா.
பதினோரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.
அப்பா இரண்டு கையாலும் ஃபீஸ் கொடுத்தார்,
ஆரத்தித் தட்டில் வைப்பதைப் போல.

சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
நிலோஃபரின் அலுவலகம்.
கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேஜை நடுங்கும்.
பென்சிலோடு படித்துக்கொண்டே வந்தவள்
ஏழில் நின்றாள்.
"யாரு?"
அவ்வளவுதான் கேட்டாள்.

தோன்றா எழுவாய்.
பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க் கேள்வி.
வாக்கியத்துக்குள் ஆள் இருப்பான், வெளியே தெரிய மாட்டான்,
வினைமுற்றைப் பிடித்து இழுத்தால் வருவான்.
'நேர்ந்தது' என்பதை எவ்வளவு இழுத்தும்
அஃறிணை ஒருமைதான் வந்தது.

பிராதைத் திருத்த ஒரு மனு.
மனுவுக்கு ஒரு பிரமாணப் பத்திரம்.
முன்பே ஏன் சொல்லவில்லை என்று அதில் சொல்ல வேண்டும்.
முன்பே சொன்னேன்.
விடுதிக் காப்பாளரிடம் ஈரத் தலையோடு சொன்னேன்.
முதல்வர் அறையில் நின்றுகொண்டே சொன்னேன்.
ஏசி குளிரில் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி
'கருத்து வேறுபாடு' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
அதையும் சேர்க்கணும் என்றாள் நிலோஃபர்.
கல்லூரி நிர்வாகம் இரண்டாம் பிரதிவாதியாக
அப்படித்தான் உள்ளே வந்தது.

பின்யோசனை என்றது எதிர்மனு.
இட்டுக்கட்டியது என்றது.
மாசி பங்குனியில் நான்கு வாய்தா.
கோர்ட் வாசலில் மோர் விற்பவருக்கு என் முகம் பழகி
கேட்காமலே உப்பைக் குறைக்கத் தொடங்கியபோது
மனு அனுமதிக்கப்பட்டது,
காலதாமதத்துக்காக எதிர்த்தரப்புக்கு
ஐந்நூறு ரூபாய் செலவுத்தொகையோடு.

திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
நான் அவனுக்கு
ஐந்நூறு ரூபாய்.
அவன் வக்கீலின் ஜூனியருக்கு என் வயதுதான் இருக்கும்.
நோட்டை மடித்தபடியே வாங்கிக்கொண்டு
என்னைப் பார்க்காமல் ரசீது எழுதினான்.

பதினாலு நாளுக்குள் திருத்தியாக வேண்டும்.
சிவப்பு மையில்.
குமாஸ்தா ஏகாம்பரம் ஸ்கேல் வைத்துக் கோடிழுத்தார்.
அடிச்சது படிக்கத் தெரியணும்மா, அதான் வழக்கம்.
கோட்டுக்கு அடியில் அந்தச் சம்பவம்
இன்னும் நேர்ந்துகொண்டுதான் இருந்தது.
அதன் தலைக்கு மேலே, கிடைத்த சந்தில்,
எறும்பு வரிசையாகப் புதியது.

முதல் பிரதிவாதின்னு போட்டாலே போதும் என்றார்.
பேரையும் போடுங்க.
முனைவர் வேணுமா?
வேணும். அதுவும் அந்த ரூமுக்குள்ளதான் இருந்தது.
முனைவர் தி. ஞானவரதன்.
பேனா திக்கியது, உதறி எழுதினார்.
வினைக்கு வந்ததும் நிறுத்தி,
'ஆர்' போடட்டுமா, கோர்ட் காகிதத்துல மரியாதைக்கு...
'ஆன்' என்றேன்.
நிலோஃபரைப் பார்த்தார்.
அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான்கு வினைமுற்று. நான்கும் ஆன்.

ஒத்துப்பார்க்க நகலை உரக்கப் படித்தார்,
வீட்டுவரி ரசீது படிக்கிற குரலில்.
ஜன்னலோரம் அப்பா.
இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்தது
சம்பவம் மட்டும்தான்.
மூன்றாவது வினைமுற்றில்
தண்ணி வாங்கிட்டு வரேன் என்று இறங்கிப் போனார்.

ரொம்ப நேரம் கழித்து வந்தார்.
தண்ணீர் இல்லை.
சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா,
விலைச்சீட்டு கிழிக்காதது.
அவரு பேனா சரியா எழுதலையே, அதான்.

அதற்குள் எழுதி முடித்திருந்தார்கள்.
பரவால்ல, வெச்சுக்க என்றார்.